என் பார்க்கிங்கைக் காத்த சிலந்தி

எங்கள் லோரோங் சந்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் உள்ளே இடம். ஆனால் ஒரே காரோடு வாழும் வீடு ஒன்றுகூட அங்கே கிடையாது. கிள்ளானில் இந்த டெரஸ் வீடுகளைக் கட்டியவர்கள் அதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் கணவரின் கார் கேட்டுக்கு உள்ளே நிற்கும். என்னுடையது வெளியே, வீட்டுக்கு முன்னால் சாலையோரம் நிற்க வேண்டும். பெட்டாலிங் ஜெயாவில் வேலை முடிந்து, நெரிசலில் ஊர்ந்து நான் வந்து சேர்வதற்குள் அந்த இடத்தில் எதிர்வீட்டு ஆன்டியின் மகனுடைய பிக்கப் வண்டி படுத்திருக்கும். பின்னால் இரண்டு மாட்டை ஏற்றலாம். அவர் அதில் ஏற்றி நான் பார்த்தது ஒரு பேட்மிண்டன் பை மட்டும்தான்.

சாலை யாருடையதும் இல்லை. அதனால் எல்லாரும் செய்வதை நானும் செய்தேன். காலையில் கார் எடுத்ததும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை அந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனேன். ஆன்டியின் மகன் அதைத் தூக்கி எறிந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் எறியவில்லை. மெதுவாக எடுத்து, எங்கள் தபால் பெட்டிக்குக் கீழே சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, அப்புறம் தன் பிக்கப்பை நிறுத்துவார். மரியாதையான மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஆன்டியிடம் முறையிட்டுப் பார்த்தேன். ஆன்டி பல வருடங்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்தியவர். கணவர் சின்ன வயதிலேயே போய்விட, மீ கோரேங்கும் கறிபாப்பும் விற்று ஒரே மகனைப் படிக்க வைத்தவர். மணி அடித்ததும் முண்டியடித்து வந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல் இன்னும் அப்படியே இருக்கிறது. ரோடு நகராட்சியோடது, வேணும்னா அங்கே போய்க் கேள் என்று சொல்லிவிட்டு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பிறகு அந்த மகனை வேலை விஷயமாகச் சில வாரங்கள் ஜோகூருக்கு அனுப்பினார்கள். எனக்குப் பொற்காலம். நாற்காலிக்கு வேலையே இல்லாமல் தபால் பெட்டிக்குக் கீழே அது பாட்டுக்குக் கிடந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் எதிர்வீட்டு கேட்டை மறித்துக்கொண்டு பிக்கப் திரும்பி வந்திருப்பதைப் பார்த்தேன். எனக்குக் கடைக்குப் போக வேண்டும். உடனே காரை அந்த இடத்திலிருந்து எடுத்துக் கொஞ்சம் தள்ளி விட்டுவிட்டு, நாற்காலியைத் தூக்கி வந்தேன். தூசியாக இருக்கிறதே என்று சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது காலியாக இல்லை.

இருக்கைக்கு அடியில் ஒழுங்கில்லாத வலை. அதில் குட்டி ரம்புத்தான் பழங்கள் மாதிரி, உடம்பெல்லாம் முள் நீட்டிக்கொண்டு வெளிர் நிற உருண்டைகள். அவற்றுக்கு நடுவே கால்களை மடக்கிக்கொண்டு பழுப்பு நிறத்தில் ஒரு சிலந்தி. வயிற்றின் அடியில் உடுக்கை வடிவத்தில் ஆரஞ்சு நிறப் புள்ளி.

நான் பயந்த சுபாவம் இல்லை. இந்த வெக்கையில் வீடு வைத்திருப்பவர்கள் பயந்துகொண்டிருந்தால் பிழைக்க முடியாது. கூரையில் எலி ஓடும், சர்க்கரை டப்பாவை எறும்பு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும், மழைக்கு முன்னால் கரப்பான் பறக்கும். எல்லாவற்றோடும் ஏதோ ஓர் ஒப்பந்தத்தில் காலம் தள்ளுகிறோம். ஆனாலும் அந்தப் புள்ளியைப் பார்த்ததும் கை தானாக நாற்காலியை விட்டுவிட்டது. அது ஓர் ஆட்டம் ஆடி நான்கு காலிலும் நின்றது. நின்ற இடம், நான் வைக்க நினைத்த அதே இடம்.

கணவர் போனில் தேடிப் பார்த்தார். அவர் கணக்காளர். எதையும் கடைசி வரி வரைக்கும் படிப்பார். படம் அப்படியே பொருந்தியது. பிளாஸ்டிக் நாற்காலி, பூந்தொட்டி, கேட் என்று மனிதன் கை படும் இடங்களாகப் பார்த்துக் குடியிருக்குமாம். நஞ்சு உண்டு. கடித்தால் வலிக்கும், வீங்கும், பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. அந்தப் ‘பெரும்பாலும்’ அவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் கேட்டில் மறித்தேன்.

“ஏங்க, அது நல்ல இடத்துல உக்காந்திருக்கு. கொஞ்ச நாள் இருக்கட்டுமே.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எதிர்வீட்டு பிக்கப்பைப் பார்த்தார். ஸ்பிரே அலமாரிக்குத் திரும்பிப் போனது.

நான் நேரே ஆன்டியிடம் போனேன், அக்கறையோடு. நம்ம நாற்காலியில நஞ்சுள்ள சிலந்தி இருக்கு ஆன்டி, தம்பிகிட்ட பார்த்துத் தொடச் சொல்லுங்க என்று சொல்லி, எடுத்த படத்தையும் அனுப்பி வைத்தேன். சாயங்காலத்துக்குள் அது லோரோங் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. ஒருவர் அது கப்பலில் ஏறிக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கியது என்றார். இன்னொருவர் அதற்கு மருந்தே இல்லை என்றார். முனை வீட்டுக்காரர், அது எட்டடி தூரம் பாயும் என்று தன் மச்சான் சொன்னதாக எழுதினார். நான் எதையும் மறுக்கவில்லை.

ஆன்டியின் மகன் வெளியே போய்விட்டு வந்தார். கண்ணாடியை இறக்காமலே நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பின்னால் எடுத்து, லோரோங் முடியும் இடத்தில் விளையாட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் போய் நிறுத்தினார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று நான் அனுபவித்த மகிழ்ச்சியை என்னவென்று சொல்ல. கடைக்குப் போய்விட்டு வரும்போது எனக்கும் அதே சங்கடம் காத்திருக்கிறது என்று அப்போது தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகுதான் கடைக்குப் போய்த் திரும்பி வந்தேன். இடம் காலியாக இருந்தது. நாற்காலியும் இருந்தது. அதை யார் எடுப்பது?

ஹாரன் அடித்தேன். கணவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், மழைக்கோட்டு, பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, மாப் குச்சியோடு வெளியே வந்தார். குச்சியை நீட்டி நாற்காலிக் காலைத் தள்ளினார். அது ஒரு சாண் நகர்ந்தது. சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கீழே இறங்கி, வந்தது யார் என்று பார்த்தது. கணவர் மாப்பைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மாப் அன்று இரவு முழுக்கச் சாலையில் கிடந்தது.

நானும் மைதானத்துக்குத்தான் போனேன், பிக்கப்புக்குப் பின்னால். அடுத்த வாரம் முழுக்க அதே கதை. ஒரு நாள் சாயங்காலம் மழை கொட்டியது. காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஆன்டியின் மகன் தன் வண்டியிலிருந்து இறங்கி, பெரிய குடை ஒன்றை விரித்துக்கொண்டு என் கதவுப் பக்கம் வந்து நின்றார். இரண்டு பேரும் ஒரே குடையில் நடந்தோம். பாதி வழியில் அவர் கேட்டார்.

“ஒங்க நாற்காலி இன்னும் அங்கதான் இருக்கா, அக்கா?”

“அங்கதான் இருக்கு தம்பி. நீங்க எடுத்து வைப்பீங்கன்னு பார்த்தேன்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடையை என் பக்கமாகச் சாய்த்தார். எங்கள் வீட்டு வாசலில் அந்த இடம் நனைந்துகொண்டு காலியாகக் கிடந்தது. நாற்காலியின் அடியில் மட்டும் காய்ந்திருந்தது.

மறுநாள் ஆன்டி என்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். வாரம் முழுக்க அவர் தன் வாசலில் இருந்தே அதைக் கவனித்து வந்திருக்கிறார். பயம் போய்விட்டது, ஆர்வம் வந்துவிட்டது. அதுக்குப் பேரு என்ன என்று கேட்டார். ஆங்கிலப் பெயரைச் சொன்னேன். தமிழில் என்ன என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. வேறு வழியில்லாமல், பழுப்பு விதவை என்று வைத்துக்கொள்ளலாம் ஆன்டி என்றேன்.

ஏன் அந்தப் பேரு என்று ஆன்டி கேட்டார். ஆண் சிலந்தியை அதுவே தின்றுவிடுமாம் என்று விளக்கினேன்.

“தின்னுட்டு அதுக்கு விதவைன்னு பேரா? நான் எங்க வீட்டுக்காரருக்குக் கடைசி வரைக்கும் கஞ்சி ஊத்தினேன். எனக்கும் அதே பேருதான்.”

ஆன்டி நாற்காலியை ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

“இத்தன வருஷமா நானும் விதவையா இருக்கேன். ஒருத்தன்கூட பயந்து எனக்குப் பார்க்கிங் விட்டதில்ல லா.”

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு நானும் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும், அந்த முள் உருண்டைகள் போன வாரத்தைவிடக் கூடியிருக்கின்றனவே, பார்த்தாயா என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. அதெல்லாம் பொரித்தால் எத்தனை குட்டி வரும் என்று கேட்டார். ஒரு முட்டை உருண்டைக்கு நூறுக்கு மேல் என்று கணவர் அதையும் படித்துச் சொல்லியிருந்தார், கேட்டு மறக்கத்தான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் நடக்கிற வழி என்று ஆன்டி சொன்னபோது அந்தக் கேன்டீன் குரல் வந்துவிட்டது. ஞாயிறு காலையில் முடித்துவிடுவது என்று முடிவானது.

ஞாயிறன்று ஆன்டி முழங்கை நீளத்துக்கு இடுக்கி ஒன்றும், வாளியில் சோப்புத் தண்ணீரும் கொண்டு வந்தார். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கறிபாப் எடுத்த இடுக்கி. எனக்குத் தடிமனான கையுறை. நான் நாற்காலியின் முதுகைப் பிடித்து மெதுவாகச் சாய்த்தேன். ஆன்டி முதலில் சிலந்தியை ஒரே பிடியில் பிடித்து வாளிக்குள் போட்டார். பிறகு ரம்புத்தான் பறிப்பதுபோல் ஒவ்வோர் உருண்டையாகப் பறித்து உள்ளே முக்கினார். சிலந்தி ஓடவும் இல்லை, பாயவும் இல்லை. முனை வீட்டுக்காரர் தன் கேட்டுக்கு உள்ளே நின்று, பார்த்து, பார்த்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் கணவர் ஜன்னல் வழியாக வீடியோ எடுத்தார்.

நான் கையுறையைக் கழற்றப் போனேன். ஆன்டி வேண்டாம் என்றார். காலையில் அவருடைய பூந்தொட்டிகளைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். ரோஜாத் தொட்டியின் விளிம்புக்கு அடியில் இன்னொன்று இருந்ததாம். தினமும் தண்ணீர் ஊற்றும்போது கையால் பிடித்துத் திருப்புகிற விளிம்பு.

“ஒன் கேட்டையும் பாரு. கொண்டி இருக்கிற எடத்த.”

கைவிளக்கை அடித்துக் குனிந்து பார்த்தேன். எங்கள் கேட்டின் கொண்டிக்குப் பின்னால், விரலை உள்ளே விட்டுத் தள்ளுகிற அந்தக் குழிக்குள் வலை இருந்தது. வலையில் முள் உருண்டை ஒன்று. அதன் பக்கத்தில் பழுப்புக் கால்கள். காலையும் மாலையும் பார்க்காமலே என் விரல் போய் வரும் இடம். லோரோங் முழுவதையும் நாற்காலியைப் பார்த்துப் பயப்பட வைத்துவிட்டு, நான் அந்தச் சிலந்தியின் உறவுக்காரி வாசலை இடித்துக்கொண்டு தினமும் வீட்டுக்குள் போயிருக்கிறேன். ஆன்டி இடுக்கியை நீட்டினார். இந்த முறை பிடித்தது நான்.

அன்று மதியம் வரை லோரோங்கில் எல்லாரும் எதையாவது கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். செருப்பு அலமாரி, சைக்கிள், பழைய டயர், துணி காயப்போடும் கம்பி. முனை வீட்டுக்காரர் தன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உடனே மூடி, ஆன்டியின் இடுக்கியைக் கேட்டு ஓடி வந்தார். அந்தச் சிவப்பு நாற்காலியைக் குப்பை லோரியில் போட்டுவிட்டோம். பார்க்கிங் விஷயத்தில் ஆன்டி என்னையும் தன் மகனையும் பக்கத்தில் நிற்க வைத்துத் தீர்ப்புச் சொன்னார். வேலை நாளில் அந்த இடம் எனக்கு, சனி ஞாயிறு அவர் மகனுக்கு. ஏன் என்று மகன் கேட்டார். அவர் வண்டியில் ஏற்றுகிற பேட்மிண்டன் பைக்கு அவ்வளவு அவசரம் இல்லை என்றார் ஆன்டி. இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவருக்கும் அதே எண்ணம் இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் எந்தப் பிராணி வந்தாலும் எனக்குப் போன் வரும். சென்ற வாரம் பந்திங் ஊரில் ஒரு திருமணத்துக்குப் போக வீட்டில் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. குளியலறையில் ஒரு பூரான், விரல் தடிமனில் இருக்கிறது, இடுக்கியைக் காணவில்லை, உன்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். பாதிப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு விளக்குமாற்றோடு ஓடினேன். ஆன்டி குளியலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நிதானமாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். பூரான் எங்கே என்று கேட்டேன்.

“உள்ளதான் இருக்கு. இவனும் உள்ளதான் இருக்கான்.”

எட்டிப் பார்த்தேன். இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் சோப்பு நுரையோடு, மகன் கழிப்பறைத் தொட்டியின் மேல் ஏறி நின்று ஷவர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், மரியாதையான மனிதர் அல்லவா, வாங்க அக்கா என்றார்.