தோற்பதற்கென்று ஓர் அணி

எங்கள் பக்கத்துப் பட்டிமன்றங்களில் தீர்ப்பு பெரும்பாலும் பேச்சாளர்களுக்கு முன்பே மேடைக்கு வந்துவிடும். விழாக் கமிட்டிக்குப் பிடித்த அணி ஜெயிக்கும். மற்ற அணி சிரிப்புக் காட்டிவிட்டு உட்கார வேண்டும். காரைக்குடியில் பள்ளி ஆசிரியையாக இருந்துகொண்டு கோயில் மேடைகளில் பேசிவந்த எனக்கு இது தெரியாததல்ல.

ஒக்கூர்ப் பக்கம் ஒரு திருவிழா. ‘இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை தேவையா?’ என்பது தலைப்பு. எனக்குக் கிடைத்தது ‘தேவையில்லை’ அணி. கமிட்டித் தலைவர் காபியோடு வந்தார்.

“டீச்சர், நீங்க நல்லாப் பேசுவீக. ஆனா தீர்ப்பு தேவைன்னுதான். ரெண்டு மாமியார் மருமக ஜோக்கை அடிச்சு விட்டுட்டு உக்காந்துருங்க.”

பிள்ளைகளின் உயிரைப் பற்றிய பேச்சுக்கு மாமியார் ஜோக்கு! என் மகன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முன்வரிசையைப் பார்த்தேன். எல்லாம் கஞ்சி போட்ட வேட்டிகள். சாமி கும்பிட வரிசையில் நிற்கக்கூடப் பொறுக்காத பெரிய மனிதர்கள். செல்போனில் தேசபக்தியை அனுப்புவதைத் தவிர வேறு வீரம் எதையும் இவர்களிடம் நான் கண்டதில்லை.

“விரும்பிப் போகிறவனைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்” என்று தொடங்கினேன். “விருப்பமில்லாதவனைச் சட்டம் போட்டு இழுத்துப் போவது தேசபக்தியா? சரி, தேவை என்கிற பெரியவர்கள் கை தூக்குங்கள்.”

முன்வரிசை மொத்தமும் தூக்கியது.

“உங்கள் வீட்டிலிருந்து யாரை முதலில் அனுப்புகிறீர்கள்?”

கைகள் மளமளவென்று இறங்கின. என் நேரம் பாதிகூட முடியவில்லை, நடுவர் மணியை அடித்துவிட்டார். என் மைக்கை அணைத்தார்கள். தலைவர் மேடையேறி நடுவரின் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“டீச்சர் தமாசுக்குச் சொன்னாக. தமாசுன்னு நீங்களே சொல்லிருங்க டீச்சர். இல்லாட்டி இந்தச் சுத்துவட்டாரத்துல ஒங்களுக்கு மேடையே கிடைக்காது.”

எனக்குப் பயம்தான். மேடை இல்லாத என்னை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் தொண்டை கிழியக் கத்தினேன்.

“தமாசு இல்லைங்க. ஒங்க பேரனை அனுப்புவீகளா?”

“எம் பேரன் எதுக்குப் போகணும்?”

மைக் அவர் வாயருகேயே இருந்தது. தெருக்கோடி வரை கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்கள் அத்தனையும் அதை ஊருக்குச் சொல்லின. தரையில் உட்கார்ந்திருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நடுவர் அதற்குப் பிறகும், கூச்சமே இல்லாமல், ‘தேவை’ என்றுதான் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து எந்தக் கமிட்டியும் என்னைக் கூப்பிடுவதில்லை. போகட்டும். கேட்க வேண்டியதைக் கேட்டேன். பதில் மைக்கிலேயே வந்துவிட்டது.