கதவின் பின்பக்கம் ஒரு தவளை இதயம்

அந்தத் தெருவில் அவளுக்கு ஊசி அக்கா என்று பெயர். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எவ்வளவு மெலிந்த கையாக இருந்தாலும் விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பாள்; அவ்வளவுதான், வலி தெரிவதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். "ஊசி அக்கா லீவா? அப்ப நான் நாளைக்கே வர்றேன்" என்று திரும்பிப் போகிற முதியவர்கள் உண்டு.

அவள் கணவனுக்கு ஆபீசர் என்று பெயர். அவன் ஆபீசர் அல்ல, ஆகப் போகிறவன். கல்யாணமான நாளிலிருந்து ஆகப் போகிறவன்.

"என்ன ஆபீசர் தம்பி, உங்க கார் எப்ப வரும்?" என்று வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று கேட்பாள்.

"வழியில வந்துக்கிட்டு இருக்குங்க."

"மாட்டு வண்டியா இருந்தாக்கூட இதுக்குள்ள வந்திருக்குமே தம்பி!"

அவன் சிரித்துக்கொண்டே இறங்கிவிடுவான். அந்தச் சிரிப்பு தெருமுனை வரைகூடத் தாங்காது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இருவரும் சந்தித்ததே ஒரு பொது நூலகத்தில்தான். மின்விசிறிக்கு நேர்கீழே இருந்த ஒற்றை நாற்காலிக்குச் சண்டை போட்டார்கள். சண்டை பேச்சாகி, பேச்சு கல்யாணமாகிவிட்டது. குடிமைப் பணித் தேர்வு எழுதி ஆபீசராவது அவனுக்கும் கனவு, அவளுக்கும் அதே கனவு. ஆனால் இரண்டு பேரும் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டால் அடுப்பில் பூனைதான் தூங்கும். அதனால் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதலில் அவன் எழுதுவது, அவள் சம்பாதிப்பது. அவன் தேறியதும் அவள் எழுதுவது. அவனுக்குச் சில மாதம் வயது கூட, அவனுக்குத்தான் அவசரம்.

அவன் எழுதினான், தோற்றான். மறுபடி எழுதினான், மறுபடி தோற்றான். ஒருமுறை மயிரிழையில் போயிற்று. அவன் எடுத்திருந்த விருப்பப் பாடம் வரலாறு. அதுதான் காலை வாரிவிட்டது என்று அவனும் நம்பினான், அவளும் நம்பினாள். விலங்கியலை எடுக்கலாம் என்ற யோசனையைச் சொன்னது அவள். அவள் மேற்படிப்புப் படித்தது அதைத்தான். கல்லூரியிலேயே முதலாவதாக வந்தவள். அவள் சொல்லித் தருவாள், அவன் எழுதுவான். அவனுக்கு அது கடைசி வாய்ப்பு.

அவளுக்கும் அதுதான் கடைசி வருடம். அதைத் தாண்டினால் வயது வரம்பு முடிந்துவிடும். விண்ணப்பம் போடும் நாட்கள் தொடங்கிய அன்று மெல்லக் கேட்டாள்.

"என்னங்க, இந்த வருஷம் நானும் எழுதட்டுமா? எனக்கும் வயசு இதோட முடியுது."

அவன் கையிலிருந்த பேனாவை மூடினான். "தாராளமா எழுது. நான் வேண்டாம்னா சொல்லப் போறேன்? ஆனா எனக்கு ஜுவாலஜி யார் சொல்லித் தருவா? நீ உன் படிப்பைப் பார்ப்பியா, என் படிப்பைப் பார்ப்பியா? நீ இல்லன்னா நான் அதுல பூஜ்ஜியம், டீச்சர்."

டீச்சர். அன்பு பொங்கும்போது மட்டும் அவன் சொல்கிற வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு அவள் எதையும் கொடுப்பாள். அன்று தன் கடைசி வருடத்தைக் கொடுத்தாள்.

"சரி, நீங்களே எழுதுங்க. உங்க தலையெழுத்துதானே எனக்கும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். முந்தானை கண்ணைத் தொட்டது. அவன் பார்க்கவில்லை.

நூலகத்தில் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை சீனியர் என்பார்கள். தன் வாய்ப்புகள் அத்தனையையும் எழுதித் தீர்த்துவிட்டு, பிறருக்கு வழி சொல்லிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவர். வழிகாட்டி மரம் ஊருக்கெல்லாம் வழி காட்டும், அது மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும் அல்லவா? அப்படி ஒரு மனிதர்.

"ஜுவாலஜியா? தம்பி, அது சுடுகாடு. போனவன் எவனும் திரும்பல" என்றார்.

"என் வைஃப் சொல்லித் தர்றாங்கண்ணே."

"சொல்லித் தர்றது பொண்டாட்டி, சரி. மார்க் போடறதும் பொண்டாட்டியா? ஆந்த்ரோ எடு. சின்ன சிலபஸ். இந்தத் தடவை மொத்தக் கூட்டமும் அதுலதான் இருக்கு. கடைசி பஸ்ஸுக்கு நிக்கிறவன் கூட்டத்தோட ஏறணுமா, தனியா நடக்கணுமா?"

கடைசி பஸ் என்ற சொல்லோடு அவன் விண்ணப்பத்தின் முன் உட்கார்ந்தான். விண்ணப்பத்தில் ஒரு பாடத்தைக் குறித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாது. அன்று மாலையே ஆந்த்ரோ, அதாவது மானிடவியல் என்று குறித்து அனுப்பிவிட்டான்.

அப்போது கடைசித் தேதிக்கு இன்னும் நாட்கள் இருந்தன. இதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அவளுக்கு இன்னும் நாட்கள் இருந்தன.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தான். வந்தவனை மையின் வாசனை வரவேற்றது. அடுக்களைக் கதவின் உள்பக்கம் முழுவதும் கறுப்பு மை பூசி, அதைக் கரும்பலகையாக்கி வைத்திருந்தாள் அவள். மூக்கின் நுனியிலும் ஒரு தீற்றல்.

"எப்படி இருக்கு நம்ம காலேஜ்?"

"நல்லா இருக்கு" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. கடைசித் தேதி வந்தது, போனது.

அதன்பிறகு ஒவ்வொரு விடியலிலும் அந்த வீட்டில் ஒரு கொடுமை நடந்தது. அடுப்பில் உலையை ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்துவாள். சாக்பீஸால் படம் வரைவாள். கரப்பான்பூச்சியின் நரம்பு, மீனின் செவுள், மண்புழுவின் உடல் வளையங்கள். அவன் மணைப்பலகையில் உட்கார்ந்து, எழுதப் போகாத பாடத்தைக் குறிப்பெடுப்பான். பகலில் நூலகத்தில் ஒளிந்து மானிடவியல் படிப்பான். இரண்டு படகில் கால் வைத்தவன் கதைதான்.

ஒருநாள் தவளையின் இதயத்தை வரைந்தாள்.

"நமக்கு நாலு அறை. இதுக்கு மூணுதான். நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் ஒரே அறையில வந்து கலந்துடும்."

"கலந்தா செத்துடாதா?"

"சாகாது. சூடு இல்லாத உடம்பு. இருக்கறதை வெச்சு வாழ்ந்துடும்" என்று சிரித்தாள். "இது கண்டிப்பா வரும் பாருங்க."

முதல்நிலைத் தேர்வில் தேறினான். முதன்மைத் தேர்வும் வந்தது. விருப்பப் பாடத் தேர்வு முடிந்த மாலை, அவள் வேலையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

"சொல்லுங்க, என்ன கேட்டாங்க?"

அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்துக்கு எதையாவது கொடுக்க வேண்டும் போலிருந்தது. "தவளை இதயம் வந்துச்சு, டீச்சர்."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் வாசல் பெருக்குகிறவர் வரை அத்தனை பேருக்கும் தவளை இதயம் தெரிந்துவிட்டது.

அந்த வாரமே காய்ச்சலோடு ஒரு பெண் ரத்தம் கொடுக்க வந்தாள். உலர்ந்த உதடு, விரலில் மைக்கறை, கண்ணுக்குக் கீழே கருவளையம். இந்தச் சாதியை ஊசி அக்காவுக்குத் தெரியாதா?

"பரீட்சை எழுதினியாம்மா?"

"ஆமாக்கா. எழுதி முடிச்சதும் படுத்துட்டேன்."

"என்ன ஆப்ஷனல்?"

"ஜுவாலஜி."

ஊசி அக்காவின் முகம் மலர்ந்தது. கையைத் தடவி நரம்பைத் தேடிக்கொண்டே, "எங்க வீட்டுக்காரரும் அதேதான்! தவளை இதயம் வந்துச்சாமே?" என்றாள்.

"இல்லையே அக்கா, வரவே இல்லையே."

"நீ மறந்திருப்பேம்மா, காய்ச்சல் வேற. எந்த சென்டர்?"

அந்தப் பெண் சொன்னாள். அவன் எழுதிய அதே இடம்தான்.

"அங்க ஜுவாலஜிக்கு நான் ஒரே ஆள்தான்க்கா. என் ஒருத்திக்காகக் கேள்வித்தாள் உறையைப் பிரிச்சாங்க. அநாதைப் பொணத்துக்கு ஒத்தை ஆள் கொள்ளி வெச்ச மாதிரி, நானும் சூப்பர்வைசரும் மட்டும்." பலவீனமாகச் சிரித்தாள். அடுத்த கணம், "அம்மா!" என்று அலறினாள்.

ஊசி நரம்பைத் தவறவிட்டிருந்தது. அந்தக் கூடத்தில் அன்றுவரை யாரும் பார்த்திராத காட்சி. தோலுக்கடியில் நீலம் பரவுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பக்கத்து மேசைக்காரர் ஓடிவந்துதான் பஞ்சை அழுத்தினார்.

வீட்டுக்கு வந்தபோது அவன் செய்தித்தாளை விரித்து வைத்திருந்தான்.

"அந்த சென்டர்ல ஜுவாலஜி ஒரே ஒரு பொண்ணுதான் எழுதினாளாம்."

தாள் மெல்ல இறங்கியது.

"நீங்க என்ன எழுதினீங்க?"

"...ஆந்த்ரோ."

"எப்ப மாத்தினீங்க?"

"விண்ணப்பம் போட்டப்பவே. சீனியர்தான்..."

"அவரை விடுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அப்ப நான் விண்ணப்பம் போட நாள் இருந்துச்சா, இல்லையா?"

மாடியில் வீட்டுக்காரம்மா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இருந்துச்சு."

"உங்களுக்குச் சொல்லித் தரணும்னுதானே நான் எழுதல? அது வேண்டாம்னு ஆனப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ கதவுக்கு மை பூசிட்டு மூக்குல கறுப்போட நின்னே. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரல."

"இன்னிக்கு ஒருநாளாவது நிஜத்தைப் பேசுங்க."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனால் சமாளித்திருக்க முடியும். அந்தத் தணிந்த குரல்தான் அவனை உடைத்தது.

"நீ எழுதினா பாஸ் பண்ணிடுவே!" என்று கத்தினான். "ஒரே தடவையில பண்ணிடுவே. நான் ஃபெயிலாகி, நீ பாஸாகி... அப்புறம் இந்தத் தெருவுல நான் எப்படி நடக்கிறது?"

அவள் அவன் கையிலிருந்த செய்தித்தாளை வாங்கி மடித்து வைத்தாள்.

"நான் பாஸ் பண்ணுவேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "எனக்கே தெரியாமப் போச்சே."

பிறகு அடுக்களைக்குள் போனாள். ஈரத்துணியால் கதவைத் துடைத்தாள். சாக்பீஸ் போயிற்று, கோடுகள் போகவில்லை. உலையின் ஆவியில் இளகிய மையில் அவள் அழுத்தி அழுத்தி வரைந்த படங்கள் கீறல்களாக நிலைத்துவிட்டன. துடைக்கத் துடைக்கத் தவளையின் இதயம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. துணியைத் தரையில் எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். வெளியில் அவனும் அழுதான். இரண்டு அழுகைக்கும் நடுவில் ஒரு கதவு.

முடிவு வந்தது. அவன் எண் இல்லை. தெருவே துக்கம் விசாரித்தது.

"பாவம் ஆபீசர் தம்பி, எத்தனை வருஷப் பாடு!" என்று வீட்டுக்காரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை கேலி இல்லை. "உனக்கென்னம்மா, கையில வேலை இருக்கு. ஆம்பளை மனசு ஒடிஞ்சிடாம பார்த்துக்க."

"பார்த்துக்கறேம்மா."

அவள் தோற்றதை யாரும் விசாரிக்கவில்லை. எழுதாதவளுக்கு ஏது தோல்வி? அடுத்த விண்ணப்பக் காலம் வந்தபோது அவள் வயது வரம்பைத் தாண்டியிருந்தாள். பிரிந்து போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. காலையில் உலை வைத்தாள், பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள், ரத்தம் எடுத்தாள். டீச்சர் என்று அவன் அவளை அதன்பிறகு அழைக்கவே இல்லை.

சீனியரின் சிபாரிசில் ஒரு பயிற்சி நிலையத்தில் அவனுக்கு வேலை கிடைத்தது. எந்தப் பாடம் எடுப்பது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்கிற வேலை. விதிக்கும் கேலி பேசத் தெரியும் போலிருக்கிறது. விடுமுறை நாளிலும் வீட்டுக்கே போன் வரும்.

அன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவள் அடுப்பருகில் நின்றிருந்தாள். முன்னறையில் அவன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

"எந்தப் பாடம் வேணா எடுங்க தம்பி. உங்க இஷ்டம்... ஆமா, இன்னும் அனுப்பலைன்னா மாத்தலாம், தேதி இருக்கு... ஒரு நிமிஷம். வீட்ல வேற யாராவது எழுதற வயசுல இருக்காங்களா? தங்கச்சியா?"

 குரலைத் தணித்துக்கொண்டு தொடர்ந்தான்.

"அப்ப கடைசித் தேதிக்கு முன்னாடி அவங்ககிட்டச் சொல்லிடுங்க. எதை மாத்தினாலும் சொல்லிடுங்க."

அது அவள் காதில் விழுந்தது. கையில் கரண்டி அப்படியே நின்றது. போனை வைத்துவிட்டு அவன் அடுக்களையை நோக்கி எழுந்து வரும் காலடி கேட்டது.

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தப் பக்கம், கறுப்பு மையில், மூன்று அறைகளோடு அந்த இதயம் இருந்தது.