‘கணவன்’ என்ற சொல்லை எடுத்துவிட்ட படம்

“கல்லறைத் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை. மூலக்குளம். காலையிலிருந்து மழை. குரல் பதிவு. சத்தம் வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுப் படித்தேன். வியர்த்துக் கொட்டியது.”

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மழை, விருந்தாளி, காய்ச்சல் எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வைப்பவள் நான். அன்று என்ன படித்தேன் என்பதைக் குறிக்கவில்லை.

படித்தது நானே எழுதிய சில பக்கங்கள். மாதவிலக்கு நின்றுபோன ஒரு பெண், ஆசை நிற்கவில்லை என்று சொல்லும் பக்கங்கள். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம் அவள் கணவன் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, வெளிர்பச்சைச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலில் நிற்கிறான். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறாள். அதன்பிறகு அவள் உடம்பு என்ன கேட்டது, அது எப்படிக் கிடைத்தது, இந்த வயதிலும் தனியாகப் படுத்திருக்கும்போது அவள் கை எதைத் தேடிப் போகிறது என்பதையெல்லாம் பூசி மெழுகாமல் எழுதியிருந்தேன். அவள் நான்தான். அவன் என் கணவர். சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் பல வருஷமாக அவர் ஒரு அறையிலும் நான் ஒரு அறையிலும் படுத்தோம். அவருடைய முதுகுவலியில் ஆரம்பித்தது, வலி போன பிறகும் அப்படியே இருந்துவிட்டது.

என்னைப் படிக்க வைத்தவள் என் கல்லூரித் தோழி. சென்னையில் விளம்பரப் படங்களுக்கு எடிட்டிங் செய்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவள். மூலக்குளத்து மாடி வீட்டில் கதை இல்லாத வீடியோக்கள் எடுத்துக்கொண்டிருந்தாள். இந்தப் படத்துக்கு இரண்டு திரை. ஒன்றில் ரவிக்கைக் கொக்கி கழல்வது, வயிற்றுத் தழும்பு, சிவப்பு சிமெண்டுத் தரையில் ஈரக் கால்தடம் காய்வது. மற்றதில் என் எழுத்து வரிவரியாகத் தோன்றி அழியும். முகம் எங்கேயும் வராது. பின்னால் என் குரல்.

“இன்னாடி இது, பூசையில வாசகம் வாசிக்கிற மாதிரியே வாசிக்கிற?” என்றாள் முதல் பக்கம் முடிந்ததும்.

“எனக்கு வேற மாதிரி வராது.”

“மாத்தாத. அதான் வேணும்.”

எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு விடியற்காலைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிப்பது பல வருஷமாக நான்தான். மைக்கின் முன் என் குரல் தானாகவே அந்த நடைக்குப் போய்விடும்.

எடிட் செய்தபோது ‘கணவன்’ என்ற சொல் வந்த இடங்களையெல்லாம் அவள் வெட்டினாள். “புருஷன்னு தெரிஞ்சா பாக்கறவங்க நிம்மதியா சாஞ்சு உக்காந்துடுவாங்கடி. யாருன்னு தெரியாம தவிக்கட்டும்.” எனக்கும் அது சரி என்றே பட்டது. நம் பழைய அகப்பாட்டுகளில் அவனுக்கும் பெயர் இல்லை, அவளுக்கும் இல்லை. பொழுதும் இடமும்தான் இருக்கும். வாழ்நாள் முழுக்க அவற்றைப் படித்தவள் என்பதால் பெருமையாகக்கூட இருந்தது. கடைசி வரியை மட்டும் எடுக்க விடவில்லை: “அவன் இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறான், கதவு சாத்தியிருக்கிறது.”

தோழியின் படத்துக்குக் குரல் கொடுத்தேன் என்று கணவரிடம் பதிவு முடிந்த அன்றே சொன்னேன். “நல்லது,” என்றார். செய்தித்தாளை மடிக்கவில்லை.

கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில், சின்ன அரங்கில், படம் சில நாட்கள் ஓடியது. ஆரம்பம், முடிவு என்று அறிவிப்பு கிடையாது. முடிந்ததும் திரும்ப ஓடும். யாரும் எப்போதும் வரலாம், போகலாம். எங்கள் கோயில் பெண்கள் மூன்று பேர், அதில் ஒருத்தியின் மகள் அங்கே வேலை பார்த்ததால், பார்க்க வந்திருக்கிறார்கள். முகமும் பெயரும் இல்லாமல் ஒளிந்துகொண்டோம் என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்திருந்தோம். என் குரலைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வாசலில் பிடித்துக்கொண்டார்கள்.

“அக்கா, படத்துல உங்க வாசகம் கேட்டோம். கடைசியில ‘இது ஆண்டவரின் அருள்வாக்கு’ன்னு சொல்வீங்கன்னு பாத்தோம், சொல்லல.”

“சொல்லியிருந்தா நாங்களும் ‘இறைவா உமக்கு நன்றி’ன்னு சொல்லியிருப்போம்,” என்று, வாசகம் முடிந்ததும் பூசையில் எல்லோரும் சொல்லும் பதிலைச் சொன்னாள் இன்னொருத்தி. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அது இருக்கட்டும். யாருக்கா அந்தப் பச்சைச் சட்டை?”

என் கணவர் இரண்டடி தள்ளி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பெண் மட்டும் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து, “எங்க வூட்லயும் தனித்தனி ரூம்தான் அக்கா,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதை அவர் கேட்டிருக்க முடியாது.

அன்று சாயங்காலம் அவர் தனியாக அரங்குக்குப் போய்விட்டு வந்தார். ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார்.

“யாரு அது?”

“நீங்கதான்.”

“எங்கிட்ட பச்சைச் சட்டையே இருந்ததில்ல.”

ஆல்பத்தை எடுத்து வந்தேன். அந்த வருஷத்துப் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. சட்டை சாம்பல் நிறமாக இருந்தது.

“கடைசி வரைக்கும் பாத்தீங்களா? கடைசியில, அவன் இப்ப பக்கத்து ரூம்ல தூங்கறான்னு வருது.”

“இப்ப சேத்துச் சொல்ற.”

“வாங்க, ரெண்டு பேரும் போய்ப் பாக்கலாம்.”

“ஊரே பாத்தாச்சு. போதும்.” கொஞ்ச நேரம் ஆல்பத்தையே பார்த்தார். “அந்த மாதிரி என்னை யாரும் பாத்ததில்ல. எனக்குத் தெரியாதா?”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அந்த மத்தியானத்தை இத்தனை வருஷம் எனக்குள் வைத்திருந்தேன். அது அவருடையதும்தான் என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. அவர் இல்லாத இடத்தில், அவர் பெயர் இல்லாமல், ஊருக்குச் சொன்னேன்.

அவருடைய அப்பா பிரெஞ்சுப் படையில் இருந்தவர். அதனால் இவருக்கும் அந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. மகன் பாரிஸ் பக்கம் இருக்கிறான். கிறிஸ்துமஸ் முடிந்ததும் பேரனைப் பார்க்கப் போனார். உயிர்ப்பு ஞாயிறு என்கிற ஈஸ்டருக்குள் வந்துவிடுவதாகச் சொன்னார். வரவில்லை. அடுத்த உயிர்ப்பு ஞாயிறும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வார். சர்க்கரை மாத்திரை, அங்கே குளிர், இங்கே தண்ணீர் மோட்டார். “உடம்ப பாத்துக்க” என்று சொல்லி வைத்துவிடுவார். கோயிலில் வாசகம் வாசிப்பவர்களின் அட்டவணையில் இப்போதும் என் பெயர் வருகிறது. நான்தான் போவதில்லை.

சென்ற மாதம் தோழி ஒரு செய்தி சொன்னாள். படம் ஓடிய கடைசி நாள், மூடுகிற நேரத்தில், வயதான ஒருவர் ஹெல்மெட்டோடு வந்து, படம் முடிந்து மறுபடி ஆரம்பித்து மறுபடி முடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தாராம். அரங்கின் காவலாளி சொன்னதாகச் சொன்னாள். அன்று அவள் அங்கே இல்லை.

நாட்குறிப்பைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் கணவர் லாஸ்பேட்டையில் பழைய அலுவலக நண்பரைப் பார்க்கப் போனதாக இருக்கிறது. நண்பரைக் கேட்டேன். வந்தது ஞாபகம் இருக்கிறது, எந்த நாள் என்று தெரியாது என்றார். காவலாளியிடம் புகைப்படத்தைக் காட்டினேன். வாங்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். “இவராவும் இருக்கலாம்மா. வழுக்கையா, வெள்ளைச் சட்டை போட்டவரு. அழுதாரான்னு கேக்காதீங்க, அங்க இருட்டு,” என்றார். நான் அப்படிக் கேட்கவில்லை.

கணவரிடமே கேட்டுவிடலாம். இரண்டு முறை போனில் ஆரம்பித்தேன். “இன்னா?” என்றார். மோட்டார் ரிப்பேர் பற்றிச் சொன்னேன்.

கடைசி நாள் வந்தவர் என் கணவர்தானா, கடைசி வரியை அவர் கேட்டாரா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.