திதரும் உங்கையும்

'உ' என்ற ஓர் எழுத்தைத்தான் வெட்டி முடித்திருந்தேன். கல்லறைத் தோட்டமான சேமக்காலையின் காவல்காரர் அந்தோனியண்ணை வந்து உளியைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் திருநீறு பூசியவன் கிறிஸ்தவ வேதக்காரரின் கல்லறையில் பிள்ளையார் சுழி போடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"மேலை சுழி. கீழை தேங்காயும் உடைக்கப்போறியோ?"

பங்குச் சுவாமியாரிடம் சொல்லிக் கல்லையே பெயர்த்துவிடுவேன் என்றார்.

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தோணி, சுருட்டுக் கொட்டில், லொறி என்று அலைந்து, அறுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் கல்லறைக் கல் வெட்டும் பட்டறை ஒன்றில் ஒதுங்கியிருந்தேன். ஆங்கில எழுத்துகள் எனக்கு வெறும் உருவங்கள். பொருள் தெரியாமல் வெட்டினால் ஓர் எழுத்தாவது விடுபடும். அதனால் கேட்டுவிடுவேன்.

அந்தக் கல் வேலையிலிருந்து இளைப்பாறிய ஆங்கில மாஸ்ரர் ஒருவருடைய மனைவிக்கு. பெயருக்குக் கீழே 'திதர்' என்ற ஒரே சொல் போதும் என்றார். பொருள் கேட்டேன். பழைய ஆங்கிலம், இப்போது வெள்ளைக்காரனே பேசுவதில்லை என்று சொல்லி, வகுப்பில் போல விரல் மடக்கினார். ஹிதர் என்றால் இங்கே நோக்கி. திதர் அங்கே நோக்கி. விதர் எங்கே நோக்கி. முன்னெழுத்து எங்கள் இ, அ, எ போல இடத்தைச் சுட்டும். 'தர்' என்ற வால் அந்தப் பக்கம் போவதைச் சொல்லும். மனைவி போன இடத்துக்குத் தானும் போகிறேன் என்பதற்காகத்தான் அந்தச் சொல்.

எங்கள் 'உ'வுக்கான நாலாவது விரல் மடங்காமல் நின்றது.

"உங்கைக்கு அவங்களிட்டைச் சொல்லில்லை," என்றார். பிறகு கல்லைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "அங்கை எண்டால் எங்கையோ தூரம். உங்கை எண்டால் நீர் இருக்கிற இடம்."

ஆங்கிலத்தை விட்டு, 'உங்கை வாறன்' என்று வெட்டச் சொன்னார். அதன் முதல் எழுத்தில்தான் நான் பிடிபட்டேன்.

மாஸ்ரரைப் போய்க் கூட்டிவந்தேன். அவர் வாதாடவில்லை.

"உது கடவுளுக்கில்லை, அந்தோனி. அவவுக்கு."

மிச்ச எழுத்துகளைக் கரியால் தானே கல்லில் எழுதினார். அந்தோனியண்ணை எழுத்துக்கூட்டி வாசித்தார். உளியைத் திருப்பித் தந்தார்.

"வெட்டு. வெயில் ஏறமுதல் முடி."

சில வருடங்களில் மாஸ்ரரும் அதே கல்லறைக்கு வந்தார். அவர் பெயரையும் நான்தான் வெட்டினேன். அப்பாதான் வந்து சேர்ந்துவிட்டாரே, அந்த வரியை அழித்துவிடலாமா என்று கொழும்பிலிருந்து வந்த மகன் கேட்டார்.

"விடுங்கோ தம்பி. இனி அதை நீங்கள் சொல்லுறீங்கள்," என்றேன்.

கல் வெட்ட வருகிறவனுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். சொல்லின் பொருளைக் கேட்டால் மட்டும் போதாது. யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதையும் கேட்டுவிட்டு உளியைத் தொடு.