பெண்குதிரைகளும் செங்கல்பட்டு லோக்கலும்

எனக்குக் குதிரை ஏறத் தெரியாது. இருந்தும், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, யாரும் கேட்டுக்கொள்ளாமலே ஒரு குதிரை வாங்கினேன். அதுவும் காயடிக்காத இளம் ஆண்குதிரை. எங்கள் செம்பாக்கம் காலனியில் என் வயதுக்காரர் ஒருவர் தலைக்குச் சாயம் அடித்தார். இன்னொருவர் மாரத்தான் ஓடி முட்டியைக் கெடுத்துக்கொண்டார். மாடிவீட்டுக்காரர் புல்லாங்குழல் கற்றுக்கொள்கிறார். அவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்த வாய் இது.

நடந்தது இவ்வளவுதான். சர்க்கரை கூடிவிட்டதால் மாலையில் ஏரிப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். ஏரிக்குப் பின்னால் ஒரு லாயம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்கும் இடம். யாரோ விற்பதற்காகக் கொண்டுவந்து கட்டியிருந்த செவலைக் குதிரை, வேலிக்கு மேல் கழுத்தை நீட்டி என் தோளில் முகவாயை வைத்தது. வீட்டிலோ ஆபீசிலோ சமீப காலத்தில் யாரும் என்னிடம் அப்படி நடந்துகொண்டதில்லை. வாங்கிவிட்டேன்.

"எங்க நிறுத்தப்போறீங்க? விசிட்டர்ஸ் பார்க்கிங்லயா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

லாயத்திலேயே விட்டேன். அதை நடத்தும் அக்கா ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர். ஞாயிறன்று சர்ச்சுக்குப் போகும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கழுத்தில் விசில் தொங்கும். அறுபது வயதிலும் குதிரைமேல் கம்பம்போல உட்காருவார். அவரிடம் இருந்த குதிரைகள் நாலும் பெண்கள். என் ஆளோ அந்த நால்வரில் யாராவது வாலை ஆட்டினால்கூடப் பின்னங்காலில் எழுந்து நின்றான். கழுத்தை வில்லாக வளைத்து, சங்கு ஊதினாற்போல் கனைத்தான். அவர்கள் நின்றுவிட்டுப் போன இடத்தை மோந்து பார்த்து, மேலுதட்டைச் சுருட்டி, பல்லெல்லாம் தெரிய வானத்தைப் பார்த்துக் கண் சொருகினான். ஹெல்மெட் போட்ட பிள்ளைகள் குதிரைமேல் இருந்தபடியே, "மிஸ், அது ஏன் மிஸ் அப்படிப் பண்ணுது?" என்று கேட்டன. பெற்றோர்கள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இது பசங்க கத்துக்கிற இடம். உங்க ஹீரோ இப்படியே ஆடினா ஒருநாள் ஒரு குழந்தை கீழ விழும். சம்மர் லீவுக்கு முன்னாடி டாக்டர் வர்றாரு. அதுக்குள்ள அடங்கினா சரி. இல்லேன்னா காயடிச்சிரலாம். சின்ன ஆபரேஷன்தான்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

நியாயமாகப் பார்த்தால் அக்கா சொன்னதில் தவறே இல்லை. ஊரில் சமர்த்தாக இருக்கும் ஆண்குதிரைகள் முக்கால்வாசி அப்படிச் சமர்த்தானவைதான். டாக்டரும் போனில் ஆறுதலாகவே பேசினார். "அதுக்கு ஒண்ணும் தெரியாது சார், உங்களுக்குத்தான் வலிக்கும்" என்றார். ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்ப அவன் ஒரு துள்ளல் துள்ளுவான். எதற்கும் இல்லை, சும்மா, விடிந்துவிட்டதே என்று. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்தக் காலையிலும் வந்ததில்லை. அது அவனிடமிருந்து போய்விடக் கூடாது என்று தோன்றியது. அதைக் கத்தி எடுத்துவிடுமா, எடுக்காதா என்று யாரையும் கேட்கவும் பயமாக இருந்தது.

எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் புத்தகம் வாங்குவது என் வழக்கம். வாங்கினேன். ஒரு புத்தகத்தில், குதிரையின் மூக்கில் காரமான தைலம் தடவினால் பெண்குதிரையின் வாசனை அதற்கு எட்டாது என்று போட்டிருந்தது. பையில் தலைவலித் தைலம் எப்போதும் இருக்கும். ஆள் இல்லாத நேரம் பார்த்து அவன் மூக்கோரம் தடவினேன். அவன் என் முகத்தின்மேல் ஒரு தும்மல் தும்மினான். அதைத் துடைக்க, தைலம் பூசிய அதே கையால் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நான் குழாயைத் தேடித் தடவிக்கொண்டு போனபோது பக்கத்தில் விசில் சத்தம் கேட்டது. "குதிரைக்கு மூக்கு அடைச்சிருக்கு, உங்களுக்குக் கண்ணு அடைச்சிருக்கு. இப்ப யாரு யார இழுத்துக்கிட்டுப் போறது?" என்றார் அக்கா.

மறுநாளிலிருந்து அவரே முறையாகப் பயிற்சியை ஆரம்பித்தார். வித்தை எளிது. பெண்குதிரையை மைதானத்தின் அந்தக் கோடியில் நிறுத்திவிட்டு, இந்தக் கோடியில் அவனுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நில், பின்னால் போ, திரும்பு, தலையைத் தாழ்த்து. அவன் காது அந்தப் பக்கம் போனால் அடிக்கவோ அதட்டவோ கூடாது, அடுத்த வேலையைக் கொடுக்க வேண்டும். அவனாகவே தலையைத் தொங்கப்போட்டு, வாயைச் சப்பி, மூச்சை விட்டால் கயிற்றைத் தளர்த்தி, கழுத்தைச் சொறிந்துவிட வேண்டும். பிறகு இருவருக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

அக்கா கயிற்றைப் பிடித்தால் அவன் பூஜை மணியடித்ததுபோல் நின்றான். நான் பிடித்தால் சங்கு ஊதினான். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அக்கா தீர்ப்புச் சொன்னார்.

"பிரச்சினை அவன்கிட்ட இல்ல சார், உங்ககிட்ட. பொண்ணு வந்தாலே நீங்க மூச்சப் பிடிச்சிக்கிறீங்க. கயிறு டைட் ஆகுது. என்னமோ பெருசா நடக்கப்போகுதுன்னு அவன் நெனைக்கிறான்."

"நான் மூச்சுப் பிடிக்கலையே அக்கா."

"இப்பகூடப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கீங்க. வாயத் திறந்து எதாவது பேசுங்க. பேசினா மூச்சு தானா வரும்."

ஒரு குதிரையிடம் என்ன பேசுவது? படித்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று. தினமும் மறைமலை நகர் ஆபீசுக்கு மின்சார ரயிலில் போய்வரும் மனிதன் நான். வாயைத் திறந்தேன், மண்டையில் இருந்தது வந்தது.

"அடுத்த நிலையம், பெருங்களத்தூர்."

அவன் காது என் பக்கம் திரும்பியது. ஏற்ற இறக்கமே இல்லாத அந்த அறிவிப்புக் குரலிலேயே, நிதானமாக, வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று போனேன். பொத்தேரி வந்தபோது அவன் கீழுதடு தொங்கியது. காட்டாங்குளத்தூரில் ஒரு காலை மடக்கி, பாதிக் கண் மூடி நின்றான். மின்சார ரயிலில் எனக்கு நேர்வதேதான் அவனுக்கும் நேர்ந்தது.

அதன்பின் எங்கள் முன்னேற்றத்தை ஸ்டேஷன் கணக்கில்தான் சொன்னோம். "இன்னிக்கு அந்தக் கறுப்புக் குதிரை பக்கத்துல வந்தா. மறைமலை நகர் வரைக்கும் அசையல" என்பேன். "சிங்கப்பெருமாள் கோயில்ல ஒரு தரம் கனைச்சான்" என்பார் அக்கா. மனைவி இரவுச் சாப்பாட்டின்போது இதைக் கேட்டுவிட்டு, ரசத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

டாக்டர் வருவதாக இருந்த திங்கட்கிழமைக்கு முந்தின நாள், அக்கா பரீட்சை வைத்தார். லாயத்துக்குள் அடங்குவது பெரிதில்லை. சாலையில், அவர் ஏறிய கிழட்டுப் பெண்குதிரையின் பின்னால் ஏரி வரை நடந்து திரும்ப வேண்டும். ஒழுங்காக வந்தால் டாக்டரை வர வேண்டாமென்று சொல்லிவிடுவார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. ஆட்டோ, தண்ணீர் லாரி, நாய், எதையும் அவன் சட்டை செய்யவில்லை.

திரும்பி வரும்போது சந்து முனையில் பேண்டு செட்டின் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை ஊர்வலம். மாப்பிள்ளைகள் காரில் வந்த காலம் மலையேறிவிட்டது, இப்போது எல்லோருக்கும் வெள்ளைக் குதிரை வேண்டியிருக்கிறது. சலங்கை, ஜரிகை, நெற்றிச்சுட்டியோடு வந்த அது பெண்குதிரை. அதுவும் பருவத்தில் இருந்த பெண்குதிரை. அது எனக்கே தெரிந்தது.

என்னவனுக்கு மேலெல்லாம் ஒரு நடுக்கம் ஓடியது. கழுத்து வளைந்தது. நான் மூச்சைப் பிடிக்கப் போய், சட்டென்று வாயைத் திறந்தேன். "அடுத்த நிலையம், பெருங்களத்தூர்!"

ஆனால் கத்தியது அவன் இல்லை, சலங்கை கட்டிய அந்த வெள்ளைக்காரிதான். இவனைப் பார்த்தாளோ இல்லையோ, ஓர் அலறல் அலறி, வாலைத் தூக்கி, உடம்பை அரைவட்டம் திருப்பி, பின்பக்கமாகவே எங்களை நோக்கி வர ஆரம்பித்தாள். மேலே இருந்த மாப்பிள்ளை தலைப்பாகையை விட்டுவிட்டு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார். "மச்சான், இறக்குங்கடா! டேய், வீடியோ எடுக்காதீங்கடா!"

"இன்னா சார், ஆம்பளக் குதிரய இட்டுகினு நடுரோட்ல நிக்கிற! நகரு சார், பேஜார் பண்ணிகினு கீது!" என்று அவளைப் பிடித்திருந்தவர் கத்தினார்.

நகர வழியில்லை. முன்னால் அக்கா, பின்னால் ஷேர் ஆட்டோ. பேண்டு செட்டுக்காரர்கள் வாசிப்பதை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். தெருவே அமைதியானது. அந்த அமைதியில் என் குரல் மட்டும் கணீரென்று, கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர் என்று போய்க்கொண்டிருந்தது. பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் அருகில் வந்து, "சார், நீங்க எங்க போகணும்?" என்று கனிவாகக் கேட்டார்.

வெள்ளைக்காரி ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தாள். என்னவன் அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். தொண்டைக்குள்ளேயே, மரியாதையாக, ஒரு சின்ன கனைப்பு. பிறகு தலையைத் தொங்கப்போட்டு, வாயைச் சப்பி, சைக்கிள் டியூபில் காற்று இறங்கினாற்போல் நீளமாக மூச்சை விட்டான்.

அக்கா ஒரு விசில் ஊதினார். எதற்கென்றே தெரியாமல் பேண்டு செட் மறுபடி ஆரம்பித்தது. நான் கயிற்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு, முன்பின் தெரியாத அந்தக் கல்யாணக் கூட்டத்தோடு சேர்ந்து ஆடினேன். ஆடத் தெரியாதது அன்று ஒரு குறையாகவே படவில்லை. மாப்பிள்ளை கீழே இறங்கி நடந்து வந்தார். மாப்பிள்ளையின் அப்பா, "உங்க குதிரை ரொம்ப அடக்கமா இருக்கு, வாடகைக்கு வருமா?" என்று விசாரித்தார்.

லாயத்துக்குத் திரும்பியதும் அக்கா டாக்டருக்குப் போன் போட்டு, நாளைக்கு வர வேண்டாம் என்றார். நான் போனைப் பிடுங்கி, வெள்ளைக்காரி, தலைப்பாகை, கடைசியில் விட்ட அந்த மூச்சு என்று ஒன்று விடாமல் மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் எதையோ மென்றபடி முழுவதையும் கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார்" என்றார். "அவனுக்கு இன்னும் மூணு வயசுகூட ஆகலையே. அடுத்த வருஷம்தான் நெஜமாவே வயசுக்கு வருவான். என் நம்பர டெலீட் பண்ணிடாதீங்க."