ரோசிக்குப் பத்தியம்

எங்கள் குடும்பத்தில் முப்பாட்டன் பெயர் வரைக்கும் காகிதத்தில் இருந்த ஒரே ஜீவன் ரோசிதான். அது லாப்ரடார் நாய். அதன் அப்பா, அப்பாவுக்கு அப்பா, அவருக்கும் அப்பா என்று அத்தனை பேரும் ஒரு தடித்த தாளில் முத்திரையோடு அச்சாகியிருந்தார்கள். தாராவியில் கோலி என்று சொல்லும் எங்கள் குடிசை வீட்டைக் கணக்கெடுக்க வந்தவர்கள், இங்கே இத்தனை வருடம் குடியிருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டபோது, அப்பா ஒரு பழைய கரண்ட் பில்லைத் தேடி டிரங்குப் பெட்டியையே கவிழ்த்துப் போட்டார். ரோசிக்கு அந்தக் கவலை இல்லை. அது வந்தவர்களைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது.

அதைக் கொண்டுவந்தது சித்தப்பா. செம்பூரில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் குடிபோனபோது சோபாவை வாட்ச்மேனுக்கும் நாயைச் சித்தப்பாவுக்கும் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்கள் கோலி என்பது கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்புப் படி. கீழே அப்பா, அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. மேலே சித்தப்பாவும் சித்தியும். ரோசி நாலே நாளில் அந்தப் படியில் ஏறக் கற்றுக்கொண்டது. இறங்கத்தான் தெரியவில்லை. முப்பது கிலோ நாயைச் சித்திதான் தினமும் தூக்கி இறக்குவாள்.

சித்திக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். பிள்ளை இல்லை. எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவு நாகரிகம். தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு வளைகாப்பு நடந்தது. சரியாக வளையல் அடுக்கும் நேரம் பார்த்துச் சித்தியை மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பூ வாங்க அனுப்பினார்கள். வீட்டில் கூடை நிறையப் பூ இருந்தது. அது சித்திக்கும் தெரியும். இரண்டு மணி நேரம் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு, முழம் முழமாகப் பூவோடு திரும்பி வந்தாள்.

சித்தப்பாவுக்கு ஒரு கனவு இருந்தது. நெருள் பக்கம் ஓர் இடம் பிடித்து நல்ல சாதி நாய்களாக வளர்த்து விற்க வேண்டும். மனிதர் அதில் அவசரப்படவில்லை. ரோசிக்கு இரண்டு வயது முடியும்வரை பொறுத்தார். இடுப்பு எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். ஊசி ஒன்றையும் தவறவிடவில்லை. மாட்டுங்காவில் ஒரு மாமா வீட்டில் நல்ல ஆண் நாய் இருப்பதாக அறிந்து என்னையும் கூட்டிக்கொண்டு ரோசியோடு போனார். அந்த மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரோசியின் காகிதத்தை வரி வரியாகப் படித்தார். "வம்சம் நன்னாத்தான் இருக்கு," என்றார். பிறக்கும் குட்டிகளில் முதலில் வந்து ஒன்றைப் பொறுக்கிக்கொள்வது ஆண் நாய்க்காரரின் உரிமை என்று பேசி முடித்தார்கள். பிறகு ரோசி வீட்டுக்குள் போனது. நானும் சித்தப்பாவும் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம்.

குட்டி போட ஒரு வாரம் இருக்கும்போது சித்தியும் நானும் ரோசியைச் செம்பூர் நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் டைப் அடித்த ஒரு தாளைக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் நாலாம் வகுப்பு படித்த நான்தான். அந்தப் பெருமையில் உரக்க வாசித்து அர்த்தமும் சொன்னேன். குட்டி போட்ட பின் நாளைக்கு நாலு வேளை சாப்பாடு. வேகவைத்த கோழி, முட்டை, சோறு. பக்கத்தில் எப்போதும் நிறையத் தண்ணீர் இருக்க வேண்டும், கிண்ணம் காயவே கூடாது. பூண்டும் வெங்காயமும் நாய்க்கு விஷம், துளிகூட ஆகாது. சித்தி மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். தாளைக் காலண்டர் ஆணியில் குத்தி வைத்தாள்.

சித்தப்பா அப்போது டூரிஸ்ட் வண்டி ஓட்டினார். ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஷீரடி, நாசிக் என்று பத்து நாள் சவாரி போயிருந்த சமயத்தில், ஒரு மத்தியானம் ரோசி ஏழு குட்டி போட்டது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து மேலே ஏறிப் பார்த்தபோது சித்தியின் சேலையெல்லாம் ரத்தமும் ஈரமுமாக இருந்தது. அவள் முகத்தை அப்படி நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, அதற்குப் பின்பும் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டு அம்மாவும் ஏறி வந்தாள்.

"ஏ பிள்ள, ஏழா? ஏழும் உசுரோட இருக்கா?"

"ஆமாக்கா. ஒண்ணுக்கு மூச்சே இல்ல. நாந்தான் வாய வச்சு ஊதி எடுத்தேன்."

அம்மா சித்தியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எனக்கு நினைவு தெரிந்து அம்மா மேலே வந்து உட்கார்ந்ததே இல்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சித்தியிடம், ஒரு தங்கைக்குச் சொல்வதுபோல, சொல்ல ஆரம்பித்தாள்.

"பெத்த வயிறு பச்ச ரணம் கேட்டியா. பச்சத்தண்ணி காட்டிராத, குட்டிக்குச் சளி புடிச்சிரும். தொண்ட நனைய ஒரு மடக்கு வெந்நி போதும். பால் சுறாக் கருவாட்டுல பூண்ட நெறையத் தட்டிப் போட்டுக் குடுப்போம், பால் பிச்சுக்கிட்டு வரும். மருந்து நான் இடிச்சுத் தாரேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "யம்மா, பூண்டு குடுக்கக் கூடாதுன்னு தாள்ல போட்டிருக்கு. தண்ணியும் நெறைய வைக்கணுமாம்."

"தாள எழுதுனவன் பிள்ள பெத்தானாட்டி? ரெண்டு பெத்தவ நான் சொல்லுதேன்." அம்மா சித்தியின் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொல்லுத?"

சித்தி காலண்டரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்கக்கா. அப்படியே செஞ்சிருதேன்."

இவ்வளவு மக்காகவா ஒருத்தி இருப்பாள் என்று எனக்குக் கோபம் வந்தது. மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டவள்தானே! பேறுகாலம் பற்றிய பேச்சு வந்தாலே பூ வாங்க அனுப்பப்பட்டவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஒருத்தி பத்தியம் சொல்லித் தருகிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது தெரிகிறது. அந்த இடத்துக்காக அவள் எதையும் கொடுத்திருப்பாள். ரோசியைக் கொடுத்தாள். அம்மாவும் வஞ்சகமாகச் சொல்லவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டி எல்லாம் தானே வாங்கி வந்து, வேர்க்க வேர்க்க இடித்து உருட்டிக் கொடுத்தாள். ஓரகத்திகள் இருவரும் ஒரே அடுப்பின் முன்னால் உட்கார்ந்து சிரித்துப் பேசியது அந்த ஒரு வாரம்தான்.

லாப்ரடார் எதையும் வேண்டாம் என்று சொல்லாத சாதி. வைத்ததையெல்லாம் ரோசி தின்றது. நாலாம் நாள் மேல் அறை மூலையில் பாத்திரம் கழுவும் மோரிக்குப் போய் ஈரத் தரையை நக்க ஆரம்பித்தது. காயப்போட்ட துணியின் நுனியைச் சப்பியது. குட்டிகள் பால் போதாமல் கீச்சிட்டன. அம்மா பூண்டைக் கூட்டினாள். ஏழாம் நாள் ரோசியின் ஈறு சோற்றுப் பருக்கைபோல வெளுத்துவிட்டது. மூத்திரம் பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் போனது. சித்தி பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். "பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும்," என்றாள் அம்மா, ஆனால் குரலில் பழைய அழுத்தம் இல்லை. ஒன்பதாம் நாள் சித்தப்பா வந்து சேர்ந்தார். வந்த காலோடு ரோசியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு செம்பூருக்கு ஓடினார். சாயங்காலம் தனியாகத் திரும்பினார்.

தின்ற எதிலோ கோளாறு இருக்கிறது, வீட்டில் கேட்டுப் பார் என்று டாக்டர் சொன்னாராம். சித்தப்பா மேலே போய் ஆணியிலிருந்து தாளைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கினார். அம்மா அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். சித்தி படியோரம் நின்றாள்.

"வாசிட்டி. என்ன குடுக்கச் சொல்லியிருக்கு?"

நான் வாசித்தேன். நாலு வேளை சாப்பாடு. கோழி, முட்டை, சோறு. அடுத்த வரி தண்ணீர். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். கரண்டி அப்படியே நின்றிருந்தது. சித்தப்பா கோபம் வந்தால் மனுஷர் இல்லை. இந்த இரண்டு வரியை விட்டுவிட்டால் யாருக்கும் திட்டு விழாது என்று எனக்குத் தோன்றியது. தண்ணீரை விட்டேன். பூண்டை விட்டேன். அதற்குக் கீழே இருந்த கால்சியம் மருந்துக்குப் போய், அதையும் வாசித்து முடித்தேன். கரண்டி மறுபடி சுற்ற ஆரம்பித்தது.

"இதுல உள்ளபடிதான குடுத்த?" என்று சித்தப்பா கேட்டார்.

சித்தி என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். "ஆமா," என்றாள்.

யாருக்கும் திட்டு விழாது என்று நினைத்தேனே, அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். சாப்பாட்டில் குற்றமில்லை என்றானபின் குற்றம் வேறு எங்காவது போய் இறங்கத்தானே வேண்டும்? அதற்கு இடம் காட்டியது அம்மாதான், அடுப்பைவிட்டுத் திரும்பாமலே.

"என்ன செய்ய கொழுந்தரே. சிலபேரு கை அப்படி. பெறந்த ஒடனே அவ தொட்டிருக்கக் கூடாது."

அன்றைக்கே குட்டிகளைச் சித்தியின் கைபடாமல் கீழே எங்கள் அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அம்மா பீடிங் பாட்டிலில் பால் கொடுத்தாள். அவள் கையிலும் மூன்று குட்டிகள் செத்தன. அப்போது யாரும் கையைப் பற்றிப் பேசவில்லை. மாட்டுங்கா மாமா வந்து இருந்ததில் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு போனார். மற்றவையும் ஒவ்வொன்றாக விலைபோயின. சித்தி அதற்குப்பின் அம்மாவோடு உட்காரவில்லை, சித்தப்பா அவளோடு பேசவில்லை. ஊரில் ஒரு நல்ல வைத்தியர் இருக்கிறார், கொஞ்ச நாள் இருந்து பார்த்துவிட்டு வரட்டும் என்று முடிவு செய்தார்கள். மறுவருடம் சித்தப்பா ஊருக்குப் போய் வேறொரு சித்தியோடு வந்தார். இதையும் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை.

சித்தியை வழியனுப்ப தாதர் ஸ்டேஷனுக்கு அப்பாவோடு நானும் போயிருந்தேன். ரோசி செத்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தத் தாள் எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. வண்டி கிளம்பும்போது சித்தி ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டாள்.

"நீ நல்லா வாசிக்க பிள்ள. இன்னும் நல்லாப் படி."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் என் படிப்பை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய், அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் அதை அப்படியே, சித்தியின் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பளீரென்று என் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. நான் வீறிட்டு அழுதேன். அம்மாவும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அடி வாங்கியவள் நான், இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.