மெட்ராஸுக்குப் போன பட்டியல்

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஓர் அரசு அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்காக ஏசி வந்தது, ஏசிக்காகக் கண்ணாடிக் கதவு வந்தது, எல்லாம் வந்தபிறகு அதை இயக்க நான் வந்தேன். மெட்ராஸில் ஆறு வாரப் பயிற்சி, கையில் தற்காலிக வேலை உத்தரவு. கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் உள்ளே வருவார்கள். பாதிப் பேர் ஏசிக்காக வந்தவர்கள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. குடிநீருக்குப் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடவேண்டிய ஊர்களின் பட்டியலை மோடம் என்ற சின்னப் பெட்டி மூலம் டெலிபோன் லைன் வழியாக மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பெயர் போய்ச் சேராத ஊருக்கு அந்தக் கோடையில் போர் கிடையாது. தாலுகா வாரியாக அடித்ததில் சித்தேரி மலை ஊர்கள் கடைசியில் போய் விழுந்தன.

எண்ணைச் சுழற்று, அந்தப் பக்கம் எடுக்கும்வரை காத்திரு, பாஸ்வேர்டைக் கொடு, ஃபைலை அனுப்பு என்று நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். திங்கட்கிழமை பாதியில் அறுந்தது. செவ்வாய்க்கிழமையும் அறுந்தது. அறுந்தால் மறுபடி முதல் ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.

ட்ரங்க் கால் போட்டுத் தலைமை அலுவலக நிபுணரைக் கேட்டேன். "ஸ்கிரிப்ட்ல காத்திருக்கிற நேரம் கம்மி. கூட்டுங்க" என்றார். கூட்டினேன், அறுந்தது. மறுநாள், "யார் கூட்டச் சொன்னது? குறைங்க" என்றார். ஹெட் கிளார்க்கோ ராகு காலத்தில் ஆரம்பித்ததுதான் கோளாறு என்று சொல்லி மோடத்தின் மேல் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனார். படித்தவள்தான், ஆனாலும் அதை எடுத்துப்போட எனக்குத் தைரியம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சித்தேரியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபடியே, "ஏம்மா, எங்க ஊரு பேரு போயிடுச்சுங்களா?" என்றார்.

"போயிட்டே இருக்குதுங்க. பெரிய சாரைப் பாத்துட்டுப் போங்க" என்றேன். பொய் இல்லை. அன்று பாலக்கோடு தாலுகா போய், பென்னாகரமும் போய், அரூர் ஓடிக்கொண்டிருந்தது. சித்தேரிக்கு இன்னும் பத்துப் பதினைந்து ஊர்தான். அப்போது அறுந்தது.

செருப்பைக்கூடப் போடாமல், பெரிய சாரான அதிகாரியிடம் சொல்ல அவர் அறைக்கு ஓடினேன். அந்த விவசாயி ஒரு காதில் ரிசீவரை வைத்து, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு, கண்மூடி நின்றிருந்தார். அதிகாரி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: "கிர்ருனு ஒரு சத்தம் கேக்குதா? அதான் உங்க ஊரு மெட்ராஸுக்குப் போவுது."

"கேக்குதுங்க சார், நல்லா கேக்குதுங்க!" என்றார் அவர். எங்களிருவரையும் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

மோடம் இருந்த அதே லைனில் அதிகாரியின் மேஜையிலும் ஒரு டெலிபோன் இருந்தது. மேஜையில் டெலிபோன் இல்லாவிட்டால் அவரை யார் அதிகாரி என்பார்கள்? ஃபைல் போகிற நேரத்தில் அதை எடுத்தால் அறையில் இருக்கிற இருமல், தும்மல் எல்லாம் லைனில் கலந்து தொடர்பு அறுந்துவிடும். ஒப்பந்ததாரர்கள் முதல் சொந்தச் சம்பந்தி வரை, வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுப்பதுபோல் வாரம் முழுக்க அவர் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்திருக்கிறார்.

விவசாயி போனபிறகு அதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா?" என்று கோபித்துக்கொண்டார். ஐந்து மணி வரை எண்ணைச் சுழற்றினேன், லைன் கிடைக்கவே இல்லை. திங்கட்கிழமை நிபுணர் சொன்னார்: "வந்தவரைக்கும் எடுத்துக்கிட்டோம்." வந்ததில் சித்தேரி இல்லை.

அதிகாரி உடனே நடவடிக்கை எடுத்தார். மேஜை டெலிபோனின் டயலுக்குப் பூட்டு வாங்கிப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ரிசீவரை எடுத்துக் கேட்க அந்தப் பூட்டு தடையே இல்லை. அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

சித்திரையில் அந்த விவசாயி மறுபடி வந்தார். பக்கத்து மலையடிவார ஊர்களுக்கெல்லாம் போர் வண்டி வந்துபோய்விட்டதாம்.

"எங்க ஊருக்கு மட்டும் வரலீங்க. அன்னிக்கு என் காதால கேட்டனே, போச்சுங்களேம்மா?"

என் வேலை உத்தரவு இன்னும் தற்காலிகம்தான். நடந்ததைச் சொன்னால் அவர் நேராகப் போய்ப் பெரிய சாரைத்தான் கேட்பார்.

"போச்சுங்க. மெட்ராஸ்ல எங்கியோ தவறிடுச்சு" என்றேன்.

"அப்ப நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று எனக்காக வருத்தப்பட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போனார்.